ஸ்கேன் படத்திற்குள் இருக்கும் மொழி: சித்தூர், திருப்பதியை முன்வைத்துச் சில கருத்துகள்

நுரையீரல் புற்றுநோய் குறித்த ஆய்வில் இன்று படமே முதன்மை இடம் பெறுகிறது. சில மில்லிமீட்டர் அளவுள்ள முடிச்சைச் சிடி ஸ்கேனில் கண்டறியும் மென்பொருள், கட்டியின் அமைப்பைக் கொண்டு சிகிச்சையின் பயனை முன்கூட்டிக் கணிக்க முயலும் கணக்கீட்டு முறை, கதிர்வீச்சு பாய வேண்டிய எல்லையைத் தானே வரைந்து தரும் நிரல் என இத்துறை விரைந்து வளர்கிறது. படம் மொழி கடந்தது, சித்தூரில் எடுத்தாலும் சிகாகோவில் எடுத்தாலும் நுரையீரல் நுரையீரலே என்னும் நம்பிக்கை இவ்வாய்வுகள் பலவற்றின் அடியில் இருக்கிறது. மொழியியலில் முதுகலை முடித்து, ஆந்திர எல்லையில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் முறையை ஆராய்ந்து வரும் எனக்கு இந்நம்பிக்கையில் உடன்பாடில்லை. படம் எடுக்கப்படும் கணத்திலேயே மொழி அதற்குள் நுழைந்துவிடுகிறது. ஆகவே நுரையீரல் பட ஆய்வில் நோயாளியின் மொழியும் தரவாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி அதுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றியமைக்கப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு உள்ளிட்ட ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இத்தனை முறை மாறியபோதும் நகரியிலும் குப்பத்திலும் சத்தியவேட்டிலும் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுவோர் இன்றும் வாழ்கின்றனர். உருது பேசுவோரும் உள்ளனர்.

இம்மக்களில் ஒருவருக்கு நெஞ்சில் நோய் வந்தால் எங்கே செல்வார்? 1993இல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம், அதாவது ஸ்விம்ஸ், திருப்பதியில் உள்ளது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் அளித்த நிலத்தில் டாடா அறக்கட்டளைகளின் முயற்சியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனை 2022 மே 5 அன்று அதே நகரில் திறக்கப்பட்டது. சித்தூர் நகரிலிருந்து சற்றேறக்குறைய 35 கிலோமீட்டர் தெற்கே சென்றால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. இன்னும் சிலர் 1954இல் தொடங்கப்பெற்ற சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் வரை செல்கின்றனர். ஒரே நோயாளியின் கோப்பு இரண்டு மாநிலங்களுக்கும் மூன்று மொழிகளுக்கும் இடையே பயணம் செய்வது இங்கே இயல்பு. நோயாளி பேசுவது ஒரு மொழி, அவரிடம் கேட்கப்படுவது இன்னொன்று, எழுதப்படுவது ஆங்கிலம்.

இனி நோயைப் பற்றி. 2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 18 லட்சம் பேர் அதனால் இறந்தனர். தொடக்க நிலையில் கண்டறிந்தால் அறுவையாலோ கதிர்வீச்சாலோ குணப்படுத்தும் வாய்ப்பு உண்டு. இந்தியாவில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே புற்றுநோய் மருத்துவரை அடைகின்றனர். இதற்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். இருமல், சளியில் இரத்தம், எடைக்குறைவு, எக்ஸ்ரேயில் ஒரு நிழல் ஆகிய நான்கும் இரு நோய்களுக்கும் பொது. சளியில் கிருமி தென்படாத நிலையிலும் ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கப்படுவதுண்டு. அந்நோயாளிக்கு உண்மையில் இருந்தது புற்றுநோய் என்றால், இழந்த மாதங்களை எந்தச் சிகிச்சையாலும் மீட்டுத்தர இயலாது.

இந்த இழப்பைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பைத் தந்தது குறைந்த கதிரளவுச் சிடி ஸ்கேன். அமெரிக்காவில் 53,454 பேரைக் கொண்டு நிகழ்ந்த தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வு, 2011இல் தன் முடிவை வெளியிட்டது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டோரைக் காட்டிலும் சிடி எடுத்துக்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. 2020இல் வெளியான நெல்சன் என்னும் ஐரோப்பிய ஆய்வு, பத்தாண்டு முடிவில் ஆண்களிடையே 24 விழுக்காடு குறைவைக் காட்டியது. இவை பெரும் சாதனைகள், ஐயமில்லை. ஆயினும் அமெரிக்க ஆய்வில் ‘ஐயத்திற்குரியது’ எனச் சொல்லப்பட்ட சிடி முடிவுகளில் 96.4 விழுக்காடு இறுதியில் புற்றுநோய் அல்ல எனத் தெரியவந்தது. காசநோய் அரிதான நாட்டிலேயே இந்நிலை. பழைய காசநோய்த் தழும்பைச் சுமந்து வாழும் நுரையீரல்கள் மிகுந்த நம் ஊரில் படம் மட்டும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குத் துணையாக நோயாளியின் வரலாறு வேண்டும். அவ்வரலாறு மொழியில்தான் இருக்கிறது.

மொழி படத்தை எங்கெல்லாம் தொடுகிறது என்பதை நான்கு இடங்களில் காட்ட விரும்புகிறேன்.

முதலாவது, மூச்சு. நெஞ்சுச் சிடி எடுக்கும்போது நோயாளி மூச்சை முழுமையாக உள்ளிழுத்துச் சில நொடிகள் அடக்கி வைக்க வேண்டும். இடையில் மூச்சு விட்டால் படம் மங்கும். நெல்சன் ஆய்வு முடிச்சின் விட்டத்தை விடுத்து அதன் கன அளவை அளந்தது. அக்கன அளவு இரட்டிப்பாக எத்தனை நாள் ஆகிறது என்பதைக் கொண்டு முடிவெடுத்தது. 400 நாளுக்குள் இரட்டித்தால் அது ஐயத்திற்குரியது. ஆனால் மூச்சு எவ்வளவு உள்ளிழுக்கப்பட்டது என்பதைப் பொறுத்துச் சிறு முடிச்சின் அளவே சற்று வேறுபட்டுத் தெரியும். அப்படியாயின், அளவீட்டின் துல்லியம் ஒரு கட்டளை வாக்கியத்தின் தெளிவில் தங்கியிருக்கிறது. தமிழில் ‘மூச்சு விடு’ என்பதற்கு இரு பொருள் உண்டு. ‘மூச்சு விட முடியவில்லை’ என்னும்போது அது சுவாசித்தல். ‘மூச்சை வெளியே விடு’ என்னும்போது அது வெளிவிடுதல். மூச்சை இழுத்து முடிக்கும் முன்பே ‘மூச்சு விடாதீர்கள்’ என்று அறிவித்தால், பாதி இழுத்த நிலையிலேயே நின்றுவிடுவோர் இருப்பர். தெலுங்கில் ‘ஊபிரி பீல்ச்சி பிகபட்டண்டி’ என்பது இழுத்தலையும் அடக்குதலையும் தனித்தனி வினைகளால் குறித்துவிடுகிறது. தமிழிலும் ‘மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள், அப்படியே அடக்குங்கள்’ எனச் சொல்லலாம். சிடி கருவிகள் பலவற்றில் கட்டளையை முன்பே பதிவு செய்து ஒலிக்கச் செய்யும் வசதி இருக்கிறது. உள்ளூர் மொழியில் புதிதாகப் பதிந்துகொள்ளவும் இயலும். இவ்வளவு எளிய செயலை எந்த ஆய்வுத் திட்டமும் தன் முறையியலில் ஒரு வரியாகக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பெயரிடல். கணினி ஒரு முடிச்சை அறிந்துகொள்ள, இது முடிச்சு என்று ஒரு மனிதர் முன்பே குறித்துத் தந்திருக்க வேண்டும். உலகெங்கும் பயன்படும் எல்ஐடிசி என்னும் அமெரிக்கத் தொகுப்பில் 1,018 சிடி ஸ்கேன்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் நான்கு கதிரியல் வல்லுநர்கள் முதலில் தனித்தனியாகவும், பின்னர் மற்ற மூவரின் குறிப்புகளைப் பார்த்தும் மதிப்பிட்டனர். மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள முடிச்சு என ஒருவரேனும் குறித்தவை 2,669. நால்வரும் ஒருமித்து அவ்வாறே குறித்தவை 928 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய இந்த எண் மருத்துவர்களின் குறைபாட்டைக் காட்டவில்லை. ‘முடிச்சு’ என்னும் வகைமையின் விளிம்பு எவ்வளவு தெளிவற்றது என்பதைக் காட்டுகிறது. இத்தொகுப்பிலிருந்து பிறந்த லூனா 16 என்னும் போட்டித் தொகுப்பு, நால்வரில் மூவரேனும் ஏற்ற 1,186 முடிச்சுகளை ‘உண்மை’ என வைத்துக்கொண்டது. பெரும்பான்மை வாக்கே அங்கு உண்மையாகிறது.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய சிக்கல். ஒரு தொடரில் எது எழுவாய், எது வேற்றுமை என்று இருவர் குறித்தால் முரண்பாடு வரும். அம்முரண்பாட்டை அளக்க 1960இல் ஜேக்கப் கோஹென் தந்த காப்பா என்னும் அளவை நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். எக்ஸ்ரே தொகுப்புகளில் மொழியின் பங்கு இன்னும் வெளிப்படை. 2019இல் ஸ்டான்ஃபோர்டு வெளியிட்ட செக்ஸ்பெர்ட் தொகுப்பில் 2,24,316 எக்ஸ்ரே படங்கள் உள்ளன. பயிற்சிக்குரிய படங்களை யாரும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயரிடவில்லை. மருத்துவர்கள் முன்பே எழுதியிருந்த அறிக்கைகளை ஒரு நிரல் படித்து, ‘உண்டு’, ‘இல்லை’, ‘ஐயம்’ எனப் பிரித்தது. ‘இருக்கலாம்’, ‘மறுக்க இயலாது’, ‘காணப்படவில்லை’ ஆகியவற்றிடையே உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிவது மொழியியல் வேலை. படத்தைப் பார்க்கக் கற்றதாகக் கருதப்படும் எந்திரம், உண்மையில் ஆங்கில அறிக்கைகளின் எதிர்மறையையும் ஐயப்பாட்டையும் கற்றுக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, நோயாளி சொல்லும் வரலாறு. எல்லைப்புறத்தில் இதன் சிக்கல் மிகுதி. தெலுங்கில் ‘ஆயாசம்’ என்றால் மூச்சிரைப்பு. தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. தெலுங்கின் ‘உப்பசம்’ ஆஸ்துமா. தமிழின் உப்புசம் வயிற்றுப் பொருமல். தெலுங்கில் ‘நெம்மு’ என்னும் ஒரு சொல் நிமோனியாவையும், நுரையீரலில் நீர் சேர்வதையும், சளிக்கட்டையும் பொதுவில் சுட்டும். தமிழில் ‘நெஞ்சுச் சளி’ ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. இரு மொழியும் அறிந்தவர் எந்த மொழியின் ஆயாசத்தைச் சொல்கிறார் என்பது, அவர் எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கேட்பவர் அதை ஆங்கிலத்தில் ‘களைப்பு’ என எழுதிவிட்டால் மூச்சிரைப்பு என்னும் அறிகுறி கோப்பிலிருந்து மறைந்துபோகிறது. படிவத்தில் எம்மொழியில் கேட்டோம் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லாத நிலையில், பின்னாளில் அத்தரவை எடுப்பவருக்கு அம்மறைவு தெரியவே தெரியாது.

புகை பற்றிய கேள்வியும் இத்தகையதே. தமிழில் புகையிலை, தெலுங்கில் பொகாகு. இரண்டுக்கும் புகை இலை என்பதே பொருள். இரு மொழிகளும் புகையை இலையோடு பிணைத்துவிட்டதால், ‘புகைப் பழக்கம் உண்டா’ என்னும் கேள்வி பீடியையும் சிகரெட்டையும் சுருட்டையும் மட்டும் சுட்டுவதாகக் கேட்கிறது. முப்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்த பெண் ‘இல்லை’ என்றே விடை சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. குப்பம் பகுதியின் கருங்கல் குவாரியில் உழைத்தவரும் அவ்வாறே சொல்வார். குவாரித் தூசியில் உள்ள படிகச் சிலிக்காவை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்பட்ட புற்றுநோய்க் காரணியாக 1997இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டு விறகுப் புகையைப் பெரிதும் ஐயத்திற்குரிய வகையில் வைத்திருக்கிறது. இந்தியாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகும் பெண்களில் கணிசமானோர் புகைபிடிக்காதவர்கள். அமெரிக்க ஆய்வின் நுழைவு விதியோ, நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் 30 ஆண்டுகள் புகைத்திருக்க வேண்டும் என்பது. அவ்விதியை அப்படியே மொழிபெயர்த்துக் கையாண்டால் இப்பெண்கள் ஸ்கேன் அறையின் வாசலைக்கூட அடைய மாட்டார்கள். தைவான் 2022இல் தன் தேசியத் திட்டத்தைத் தொடங்கியபோது குடும்பத்தில் நுரையீரல் புற்றுநோய் கண்டவர்களையும், புகைத்தவரா இல்லையா என்று பாராமல், சேர்த்துக்கொண்டது. தன் மக்களின் நோய் வரலாற்றைத் தானே கேட்டறிந்த நாடு தன் கேள்வியை மாற்றிக்கொண்டதற்கு அது நல்ல சான்று.

நான்காவது, சிகிச்சை. கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்றே சொல்கின்றனர். உடம்பில் மின்சாரம் பாய்ச்சப்படும் என்று அஞ்சுவோர் இதனால் உண்டு. நுரையீரல் கட்டி மூச்சோடு மேலும் கீழும் அசைவது. அதற்கேற்பச் சிகிச்சை திட்டமிடப்படுகிறது. அஞ்சி நடுங்கும் ஒருவரின் மூச்சு, திட்டமிட்ட நாளில் இருந்த மூச்சைப் போல் இராது. அச்சத்தைப் போக்கும் ஒரு விளக்கம் இங்கே கதிரின் இலக்கோடு நேரடித் தொடர்புடையது. அடுத்து, சிகிச்சையின் பயனைப் படத்தில் அளக்கும் சொற்கள். கட்டிகளின் விட்டக் கூட்டுத்தொகை 30 விழுக்காடு குறைந்தால் பகுதிப் பயன், 20 விழுக்காடு கூடினால் நோய் வளர்ச்சி, இரண்டுக்கும் இடைப்பட்டது நிலையான நோய் என்பது உலகளாவிய வரையறையின் சாரம். மருத்துவர் ‘நோய் நிலையாக இருக்கிறது’ எனும்போது நோயை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று கருதுகிறார். கேட்பவருக்கு அது ‘நோய் போகவில்லை’ என்று ஒலிக்கிறது. ‘நோயில் முன்னேற்றம்’ என்பதோ இன்னும் கொடிது. தமிழில் முன்னேற்றம் நற்சொல். நோய் பெருகியதைச் சொல்ல அச்சொல்லைப் பயன்படுத்தினால் குடும்பத்தார் மகிழ்ந்து வீடு திரும்பக்கூடும். ‘கட்டி வளர்ந்திருக்கிறது’, ‘நோய் முற்றியிருக்கிறது’ என்னும் தெளிந்த தொடர்கள் நம்மிடம் இருக்கின்றன.

இவ்வாதத்திற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். நாளொன்றுக்கு நூறு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லாராய்ச்சி செய்யச் சொல்வது நியாயமா என்பது ஒன்று. நியாயமில்லைதான். நான் இங்கே கேட்பது மருத்துவரின் நேரத்தை அன்று. ஆய்வுத் திட்டத்தின் வடிவமைப்பை. நோயாளியின் சொல் நம்பத்தகாதது, படமே புறநிலையானது என்பது இன்னொன்று. நான்கு வல்லுநர்கள் மூன்றில் ஒரு பங்கில்தான் ஒத்துப்போயினர் என்பதை மேலே கண்டோம். ஆயினும் அத்தொகுப்பை யாரும் குப்பையில் எறியவில்லை. முரண்பாட்டை அளந்தனர், பதிந்தனர், அதனோடு வாழக் கற்றனர். நோயாளியின் சொல்லுக்கும் அதே மதிப்பைத் தர வேண்டும் என்பதே கோரிக்கை. தரவு பெருகினால் மொழி வேறுபாடு தானே கரைந்துவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. ஒரே திசையில் சாயும் பிழை தரவு பெருகுவதால் கரையாது, உறுதிப்படவே செய்யும். விறகடுப்பைக் கேட்காத படிவம் பத்து லட்சம் நிரம்பினாலும் விறகடுப்பு அதில் வந்து சேராது.

மொழியியலாளர்கள் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. இறப்பைக் குறைத்தது சிடி ஸ்கேன். பழமொழித் தொகுப்பு அன்று. பயாப்ஸியின் இடத்தை எந்தச் சொல்லும் நிரப்பாது. ஆனால் யாருக்கு ஸ்கேன், அந்த ஸ்கேன் எவ்வளவு தெளிவு, அதில் தெரிவது என்ன, அதை நோயாளி எப்படிப் புரிந்துகொண்டு சிகிச்சைக்கு வருகிறார் என்னும் நான்கு கேள்விகளிலும் மொழிக்குப் பங்கு இருக்கிறது.

ஆகவே திருப்பதியிலும் சித்தூரிலும், அவற்றை அடுத்த வேலூரிலும், நுரையீரல் பட ஆய்வில் ஈடுபடுவோர்முன் சில பரிந்துரைகளை வைக்கிறேன். மூச்சுக் கட்டளையைத் தெலுங்கிலும் தமிழிலும் உருதுவிலும் பதிந்து, எது பின்பற்ற எளிது எனச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் நோயாளியின் வீட்டு மொழி, வரலாறு கேட்கப்பட்ட மொழி ஆகிய இரண்டும் தனித்தனியாகப் பதியப்பட வேண்டும். முதல் அறிகுறியை நோயாளி சொன்ன சொல்லிலேயே எழுதி, அதன்கீழ் ஆங்கிலம் தர வேண்டும். புகை என்பதோடு அடுப்பு, குவாரி, தறி, பழைய காசநோய் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அறிக்கைகளைக் கணினிக்குத் தரும் முன் ஐயப்பாட்டுத் தொடர்களைக் குறிக்கும் பணியில் மொழியியல் மாணவர் ஒருவரேனும் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பங்கேற்பாளர் புரிந்துகொள்ளும் மொழியில் ஒப்புதல் பெறப்பட வேண்டும் என்கின்றன. ஒப்புதலுக்கு வேண்டப்படும் மொழி தரவுக்கு மட்டும் வேண்டாததாகிவிடுமா?

நம் துறை மாணவர்களுக்கும் ஒரு சொல். எல்லைப்புறத் தமிழை ஆராயச் செல்பவர்கள் உறவுப்பெயர்களையும் விழாச் சொற்களையும் தொகுத்துக்கொண்டு திரும்புகிறோம். இருமலுக்கும் இரைப்புக்கும் நெஞ்சு அடைப்புக்கும் நகரியில் என்ன சொல்கிறார்கள், சத்தியவேட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு சிறு சொற்பட்டியலேனும் நாம் தொகுத்துத் தரலாம். ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பு அளவே இருக்கும் அப்பட்டியல், புறநோயாளர் பிரிவில் கேள்வி கேட்கும் ஒரு இளம் மருத்துவரின் மேசையில் இருந்தால், ஆறு மாதம் வீணாக மருந்து உட்கொள்ளவிருந்த ஒருவர் அதற்கு முன்பே ஸ்கேன் அறைக்கு அனுப்பப்படக்கூடும்.